ஹாஃப்வெக் போட்டா டேட்டாபேஸ் நெஜமாவே பாதியாகுமா?

கொல்லிமலைக்காரன் · திங்கள் இரவு 10:42

வணக்கம் மக்களே. சைடுல ஒரு சின்ன ப்ராஜெக்ட் ஓட்டிட்டு இருக்கேன், காப்புரிமை முடிஞ்ச பழைய தமிழ் நூல்களை எல்லாம் பத்தி பத்தியா வெட்டி அர்த்தத்த வச்சு தேடுற மாதிரி. மொத்தம் 12 லட்சம் பத்தி. பிஜிஇ எம்3 மாடல்ல எம்பெடிங் (பத்தியோட அர்த்தத்த எண் வரிசையா மாத்தறது, வெக்டர்னும் சொல்வாங்க) எடுத்தேன், ஒவ்வொண்ணும் 1024 டைமென்ஷன், அதாவது 1024 எண். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு ஹெச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ் (கிட்டத்துல இருக்கற வெக்டர்களுக்கு தாவித் தாவி தேடற கிராஃப்) கட்டியிருக்கேன், டீஃபால்ட் செட்டிங்தான், எதையும் தொடல.

பிரச்சனை என்னன்னா வாடகை சர்வர்ல ரேம் 8 ஜிபி, டிஸ்க் 40 ஜிபி, அதுல இப்ப மிச்சம் இருக்கறது வெறும் 6. இன்டெக்ஸ் மட்டும் 9.2 ஜிபி காட்டுது!! டேபிள் தனி. தேடுனா சில நேரம் டக்குனு வருது, சில நேரம் டீ போட்டு குடிச்சிட்டு வரலாம். ஹாஃப்வெக்னு ஒரு டைப் இருக்கு, 32 பிட்டுக்கு பதிலா 16 பிட்ல வைக்கும், இடம் பாதியாகும்னு படிச்சேன். நெஜமாவே பாதியாகுமா, தேடல் தரம் கெட்டுப்போகுமா? தமிழுக்கு ஏற்கனவே ரிசல்ட் சுமார்தான், இருக்கறதையும் கெடுத்துக்க பயமா இருக்கு.

மெமரிலீக் முருகேசு · திங்கள் இரவு 10:58

கண்ண மூடிட்டு மாத்து தல. ஒரு வெக்டர் எவ்ளோ இடம்னா டைமென்ஷன் × 4 + 8 பைட். ஹாஃப்வெக்னா × 2 + 8. உனக்கு 4104 பைட் இருக்கறது 2056 ஆகும். கணக்கு முடிஞ்சது. பிஜிவெக்டர் 0.7.0 இருந்தா போதும், அது 2024 ஏப்ரல்லயே வந்துருச்சு. மொதல்ல வெர்ஷன செக் பண்ணிக்கோ, வாடகை சர்வர்ல பழசா கிடக்கும்.

சந்தேகப்பிராணி · திங்கள் இரவு 11:20

பாதி பிட்ட தூக்கி எறிஞ்சிட்டு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றது எப்படிங்க? 16 பிட்ல 0.1 கூட ஒழுங்கா நிக்காது, 0.09998னு வரும். 2049னு போட்டா 2048 ஆயிடும், 2048க்கு மேல பல முழு எண்ண அதால சொல்லவே முடியாது. 65504தான் உச்சம், அதுக்கு மேல இடமே இல்ல. இத நம்பி டேட்டாவ வைக்கணுமா?

யாழ்தேவி · செவ்வாய் காலை 6:15

சந்தேகப்பிராணி சொன்ன எண் எல்லாம் சரிதான், ஆனா அது இந்த இடத்துக்கு பொருந்தாது எண்டு நினைக்கிறன். நான் போன வருசம் இதே வேலை செய்தனான், அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

16 பிட் எண்டா குறிக்கு 1, அடுக்குக்கு 5, மிச்ச 10 பிட் எண்ணின்ர நுணுக்கத்துக்கு. 32 பிட்டில அந்த நுணுக்கத்துக்கு 23 பிட் இருக்கும். ஆக 7 இலக்கம் வரை சொன்ன இடத்தில இப்ப 3 இலக்கம் சொச்சம்தான் சொல்ல ஏலும். ஆனா உங்கட எம்பெடிங்கில இருக்கிற எண்கள் என்ன அளவில கிடக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ. மாடல் தாற வெக்டரின்ர நீளம் 1 ஆக சரிபண்ணித்தான் வரும். 1024 எண்ணுகளின்ர வர்க்கங்களைக் கூட்டினா 1 வரவேணும், அப்ப ஒவ்வொண்டும் சராசரியா 1/32, அதாவது 0.03 சொச்சம். அந்த அளவில 16 பிட்டின்ர ஒரு படி 0.00003. பிழை அதில பாதிக்கு மேல போகாது. அதுவும் ஒண்டு கொஞ்சம் கூட, ஒண்டு கொஞ்சம் குறைய எண்டு ரெண்டு பக்கமும் சிதறி இருக்கும், 1024ஐயும் பெருக்கிக் கூட்டேக்க பெரும்பாலும் ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும். 65504 எண்ட உச்சவரம்பு பக்கம் நீங்கள் போகவே மாட்டியள்.

இன்னொண்டு. அந்த பிஜிஇ எம்3 ஐ ஜிபியூவில ஓட்டேக்க எஃப்பி16 ஓப்ஷனைப் போட்டுத்தான கனபேர் ஓட்டினம். மாடலே அரைத் துல்லியத்தில கணக்குப் போட்டுத் தந்த எண்ணை, நீங்கள் 32 பிட் பெட்டிக்குள்ள பத்திரமா பூட்டி வச்சிருக்கிறியள். பெட்டி பெருசு, உள்ளுக்க இருக்கிற சாமான் சின்னன்.

கொல்லிமலைக்காரன் · செவ்வாய் காலை 8:03

அய்யோ ஆமா, நான் அந்த ஆப்ஷன் ஆன் பண்ணித்தான் ஓட்டுனேன் 😅 காலேஜ் நண்பன் ஜிபியூவ ஒரு ராத்திரிக்கு கடன் வாங்கி ஓட்டுனது, சீக்கிரம் முடியணும்னு. அப்ப இத்தன நாளா காத்த அடைச்சு வச்சிருந்தேனா.

சந்தேகப்பிராணி · செவ்வாய் காலை 8:40

சரி யாழ்தேவி, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு எழுதி வைங்க, பின்னாடி படிக்கறவங்களுக்கு. இது நார்மலைஸ் பண்ண (நீளத்த 1 ஆக்கின) எம்பெடிங்குக்கு மட்டும். எங்க டீம்ல ஒருத்தர் விலை, பார்த்த எண்ணிக்கை, வருஷம் எல்லாத்தையும் அப்படியே வரிசையா அடுக்கி அதையும் வெக்டர்னு சேமிச்சு வச்சாரு. அதுல போய் ஹாஃப்வெக் போட்டா 65520க்கு மேல ஒரு எண் வந்தாலே ரேஞ்ச் தாண்டிருச்சுன்னு எரர் அடிக்கும். எரர் வந்தா கூட நல்லது, தெரிஞ்சிடும். 30000 சொச்சம் விலை சத்தமில்லாம பக்கத்து எண்ணுக்கு ஒதுங்கும் பாருங்க, அந்த அளவுல ஒரு படியே 16, அதான் கொடுமை.

பழைய டிபிஏ · செவ்வாய் மதியம் 1:30

சாப்பிட்டு வந்து படிச்சேன். எல்லாரும் துல்லியத்த பத்தியே பேசறீங்க, தம்பி கேட்ட மொத கேள்விய முருகேசு தவிர யாரும் தொடல, அவரும் பாதிதான் தொட்டார். "பாதியாகுமா?" பதில்: டேபிள்ல பாதிதான், இன்டெக்ஸ்ல உனக்கு மூணுல ஒண்ணு ஆகும். ஏன்னு சொல்றேன், இது வெறும் 4ஐ 2ஆல வகுக்கற கணக்கு இல்ல.

போஸ்ட்கிரெஸ் எதையும் 8 கேபி பேஜ் பேஜாத்தான் வைக்கும். ஒரு பத்தியோட வெக்டர் ரெண்டு பேஜ்ல பிரிஞ்சு உக்காராது. ஹெச்என்எஸ்டபிள்யூ இன்டெக்ஸ்ல ஒவ்வொரு பத்திக்கும் வெக்டர் போக, அதோட அக்கம்பக்கத்து ஆளுங்க யாரு யாருன்னு ஒரு லிஸ்ட்டும் இருக்கு. டீஃபால்ட் எம் (ஒரு ஆளுக்கு எத்தன இணைப்புங்கற செட்டிங்) 16ன்னா கீழ் மட்டத்துல 32 பேர் வரைக்கும், ஆளுக்கு 6 பைட். அதுவும் மேல் செலவும் சேர்த்து தோராயமா 280 பைட்னு வச்சுக்கோ. இப்ப பாரு, 4104 + 280, 4400க்கு கொஞ்சம் கம்மி. ரெண்டு வைக்கணும்னா 8700க்கு மேல வேணும், பேஜ்ல இருக்கறது 8192. அதனால ஒரு பேஜுக்கு ஒரே ஆள். பஸ்ல மூணு பேர் சீட்ல ஒருத்தர் சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி, பக்கத்துல இடம் காலியா கிடக்கு, ஆனா இன்னொருத்தர் உக்கார முடியாது. 12 லட்சம் × 8 கேபி போட்டுப்பாரு, நீ சொன்ன 9.2 ஜிபி அச்சு அசலா வரும்.

ஹாஃப்வெக்ல 2056 + 280, 2340 கிட்ட. ஒரு பேஜ்ல மூணு பேர் தாராளமா உக்காரலாம். 12 லட்சத்த மூணால வகு, 4 லட்சம் பேஜ், 3 ஜிபி சொச்சம். உன் 8 ஜிபி ரேம்ல நிக்கும். இப்ப உனக்கு டீ போடற நேரம் ஆகறதுக்கு காரணமே இன்டெக்ஸ் ரேம்ல நிக்காம டிஸ்க்குக்கு ஓடறதுதான், கிராஃப்ல ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பேஜ் எங்கேயோ தூரத்துல கிடக்கும்.

1536 டைமென்ஷன்காரங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்ல, அவங்களுக்கு பேஜுக்கு ஒண்ணு இருந்தது ரெண்டு ஆகும், கரெக்டா பாதி. 768க்கு ரெண்டு இருந்தது நாலு. 1024தான் லாட்டரி.

மெமரிலீக் முருகேசு · செவ்வாய் மதியம் 1:44

கணக்கு முடிஞ்சதுன்னு நேத்து பெருசா சொன்னேன், வாபஸ் 🙏 அக்கா நீங்க அடிக்கடி இங்க வரணும்.

ராத்திரி ஷிஃப்ட் · செவ்வாய் இரவு 11:55

மாத்தறதுக்கு முன்னாடி என் கதைய கேட்டுட்டு மாத்து நண்பா. இடத்த மிச்சம் புடிக்க போயி டிஸ்க்க ஃபுல் பண்ணவன் நான்.

நான் என்ன பண்ணேன், புதுசா ஒரு ஹாஃப்வெக் காலம் (டேபிளோட நெடுவரிசை) சேர்த்தேன், ஒரே ஒரு அப்டேட் கமாண்ட்ல மொத்த டேபிளுக்கும் பழைய காலத்துல இருந்து மாத்தி எழுதச் சொன்னேன், முடிஞ்சதும் பழைய காலத்த தூக்கிடலாம்னு ப்ளான். போஸ்ட்கிரெஸ்ல அப்டேட்னா பழைய வரிய அழிக்காது, புதுசா ஒண்ணு எழுதி பழசுக்கு செத்தவன்னு முத்திரை குத்தும், அவ்ளோதான். அதனால டேபிள் மொதல்ல வீங்கும். அதோட எழுதறது எல்லாத்துக்கும் வால் லாக் (மாத்தறத எல்லாம் முன்கூட்டியே குறிச்சு வைக்கற பதிவு) ஓடும். அது வழக்கமா பழசாயிட்டா தானா மறுபடி பயன்படும், ஆனா எங்க சர்வர்ல யாரோ எப்பவோ டெஸ்ட்டுக்கு போட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இன்னொரு சர்வர் காப்பி எடுக்கறதுக்காக லாக்க புடிச்சு வைக்கறது) ஒண்ணு அனாதையா கிடந்தது, அந்த ஸ்லாட்ட யாரும் படிக்கல, படிக்காத வரைக்கும் லாக்க அழிக்கவும் விடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் நூறு சதம், டேட்டாபேஸ் படுத்துருச்சு. மேனேஜர் கேட்டாரு, "என்னப்பா பண்ணிட்டு இருந்த?" "இடம் மிச்சம் பண்ணிட்டு இருந்தேன் சார்." அந்த பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

இதுல இன்னொரு வேடிக்கை, எல்லாம் சரி பண்ணி பழைய காலத்த ட்ராப் பண்ணப்புறமும் சைஸ் ஒரு பைட் குறையல. ட்ராப் பண்ணா அந்த காலம் கண்ணுக்கு தெரியாது, உள்ள இருக்கற டேட்டா அப்படியே கிடக்கும். வேக்யூம் ஃபுல் போட்டு டேபிள மொத்தமா திருப்பி எழுதினாத்தான் இடம் திரும்பி வரும், அது ஓடற வரைக்கும் டேபிள் பூட்டு, படிக்கக்கூட முடியாது, புது காப்பிக்கு தனியா இடமும் வேணும். 6 ஜிபி மிச்சத்த வச்சுக்கிட்டு அந்த பக்கம் போயிடாத.

கொல்லிமலைக்காரன் · புதன் காலை 7:20

படிச்சதும் வயித்த கலக்கிருச்சு. நேத்து ராத்திரி அதே அப்டேட் கமாண்ட டைப் பண்ணி வச்சிட்டு தூங்கிட்டேன், எண்டர் மட்டும் அடிக்கல. அப்ப வேற வழி என்ன?

பழைய டிபிஏ · புதன் காலை 9:05

டேபிள தொடாத. காலம் 32 பிட்டாவே இருக்கட்டும், இன்டெக்ஸ மட்டும் ஹாஃப்வெக்கா கட்டு. இன்டெக்ஸ் உருவாக்கும்போது காலம் பேர மட்டும் குடுக்காம, அந்த காலத்த ஹாஃப்வெக் 1024ஆ காஸ்ட் பண்ண (டைப் மாத்தின) எக்ஸ்பிரஷன ரெட்டை அடைப்புக்குள்ள குடு, ஆபரேட்டர் கிளாஸும் (எந்த தூரக்கணக்குன்னு சொல்றது) ஹாஃப்வெக்குக்கு உரிய கொசைன் ஒண்ண போடு. கன்கரன்ட்லி சேர்த்துக்கோ, கட்டற நேரத்துல மத்த வேலை நிக்காது. புது இன்டெக்ஸ் 3 ஜிபி, உன்கிட்ட 6 இருக்கு. அது ரெடியானதும் பழசு 9.2ஐ ட்ராப் பண்ணு. இன்டெக்ஸ ட்ராப் பண்ணா ஃபைலே போயிடும், இடம் உடனே கைக்கு வரும், காலம் ட்ராப் மாதிரி ஏமாத்தாது.

ரெண்டு எச்சரிக்கை. கட்டறதுக்கு முன்னாடி அந்த செஷன்ல மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்ம (இன்டெக்ஸ் கட்ட ஒதுக்கற மெமரி) 4 ஜிபி ஆக்கிக்கோ. பத்தலேன்னா கிராஃப் மெமரில கொள்ளலன்னு ஒரு நோட்டீஸ் வரும், அதுக்கப்புறம் ஆமை வேகம்தான். டாக்கர்ல ஓட்டறேன்னா ஷேர்டு மெமரி சைஸையும் அதே அளவுக்கு ஏத்தணும், இல்லேன்னா பேரலல் பில்ட் பாதில விழும். அடுத்தது, தேடற குவெரிலயும் அதே காஸ்ட் அட்சரம் பிசகாம இருக்கணும். இன்டெக்ஸ் எக்ஸ்பிரஷனும் ஆர்டர் பை எக்ஸ்பிரஷனும் ஒண்ணா இல்லேன்னா பிளானர் இன்டெக்ஸ திரும்பிக்கூட பாக்காது, 12 லட்சத்தையும் வரிசையா வாசிக்கும்.

யாழ்தேவி · புதன் காலை 10:30

பழசை அழிக்க முதல் தரத்தை சோதிச்சுப் பாருங்கோ. எல்லாரும் விடுற பிழை என்னெண்டா 32 பிட் இன்டெக்ஸையும் 16 பிட் இன்டெக்ஸையும் நேரா ஒப்பிடுறது. ஹெச்என்எஸ்டபிள்யூ எண்டுறதே கிட்டத்தட்ட சரியான விடை தாற ஒண்டுதான், அது தன்ரபாட்டுக்கு சிலதை விடும், அதின்ர பிழையை ஹாஃப்வெக்கின்ர தலையில கட்டக்கூடாது. முதல்ல ஒரு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ள இன்டெக்ஸ் ஸ்கேனை ஓஃப் பண்ணிப்போட்டு 32 பிட்டில முழுத்தேடல் செய்து முதல் பத்தை எடுங்கோ. பிறகு அதே மாதிரி காஸ்ட் பண்ணி 16 பிட்டில முழுத்தேடல். இந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம்தான் ஹாஃப்வெக்கின்ர உண்மையான நட்டம். அதுக்குப் பிறகு இன்டெக்ஸோட ஓடவிட்டுப் பாருங்கோ, அங்க இன்னும் குறைஞ்சா ஈஎஃப் சேர்ச் (தேடேக்க எத்தனை பேரை கையில வச்சுப் பாக்கிறது எண்டுற செட்டிங்) 40 இல இருந்து 100 ஆக்குங்கோ. உங்கட ஆக்கள் உண்மையா தேடுற கேள்வியளை வச்சுச் செய்யுங்கோ, சும்மா எழுமாறா எடுத்த வெக்டர் வேண்டாம்.

டீக்கடை பெஞ்ச் · புதன் மாலை 5:12

நடுவுல புகுந்து கேக்கறேன் தப்பா நினைக்காதீங்க, இதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டம், டேபிள கம்ப்ரஸ் பண்ணிட்டா போச்சுல்ல? டோஸ்ட் (பெரிய மதிப்ப டேபிளுக்கு வெளிய வைக்கற போஸ்ட்கிரெஸ் வசதி) தானா கம்ப்ரஸ் பண்ணும்னு சொல்வாங்களே.

மெமரிலீக் முருகேசு · புதன் மாலை 5:40

எம்பெடிங்ல கம்ப்ரஸ் ஆகறதுக்கு ஒண்ணுமே இல்ல ப்ரோ. "அவன் அவன் அவன்"னு திரும்ப திரும்ப வந்தாத்தான் சுருக்க முடியும், இங்க ஒவ்வொரு எண்ணோட கடைசி பிட் எல்லாம் சோழி உருட்டுன மாதிரி இருக்கும். சுருக்க ட்ரை பண்ணி சிபியூ வீணாகறதுதான் மிச்சம். அதனாலதான் பிஜிவெக்டரே 0.6.0ல வெக்டர் டைப்ப கம்ப்ரஸ் பண்ணாம வெளிய வைக்கற மாதிரி மாத்திட்டாங்க. அந்த கடைசி பிட்ட எல்லாம் வெட்டி எறியறதுதான் உண்மையான கம்ப்ரஷன், அதுக்கு பேருதான் ஹாஃப்வெக்.

அப்புறம் ஓபன்ஏஐ பெரிய மாடல் 3072 டைமென்ஷன் வச்சிருக்கவங்களுக்கு இது மிச்சம் புடிக்கற விஷயமே இல்ல, வேற வழியே கிடையாது. சாதா வெக்டர்ல 2000 டைமென்ஷனுக்கு மேல இன்டெக்ஸ் கட்ட விடாது, ஹாஃப்வெக்ல 4000 வரைக்கும் விடும். 2000 × 4ம் 8000, 4000 × 2ம் 8000, எல்லாம் அக்கா சொன்ன அதே 8 கேபி சீட்டுதான்.

ராத்திரி ஷிஃப்ட் · வியாழன் அதிகாலை 3:10

தூக்கம் வரல அதனால ஒரு கேள்வி. 16 பிட்டே ஓகேன்னா ஒரே பிட்டுக்கு போயிடலாமே? பைனரி குவாண்டைஸ் ஃபங்ஷன் இருக்கே, ப்ளஸ்ஸா மைனஸான்னு மட்டும் வச்சுக்கும். 1024 பிட்னா 128 பைட், 32ல ஒரு பங்கு!

பழைய டிபிஏ · வியாழன் காலை 8:50

வெக்டர்தான் 32ல ஒரு பங்கு ஆகும், இன்டெக்ஸ் ஆகாது. அக்கம்பக்கத்து லிஸ்ட் அப்படியேதான இருக்கும், அது சுருங்காது. போட்டுப்பார்த்தா தம்பிக்கு அரை ஜிபி சுத்துவட்டாரத்துல நிக்கும், 3லருந்து அரை. நல்ல லாபம்தான், இல்லேங்கல. ஆனா பைனரில வர்ற முதல் பத்த நம்ப முடியாது, 200 எடுத்து அத மறுபடி முழு வெக்டரோட ஒப்பிட்டு வரிசைப்படுத்தணும். அதுக்கு டேபிள்ல இருந்து 200 வெக்டர் படிக்கணும், குவெரியும் ரெண்டு அடுக்கா எழுதணும். 12 லட்சத்துக்கு அந்த தலைவலி எதுக்கு, சில கோடி வந்தா அப்ப பாக்கலாம். ஹாஃப்வெக்னா மறுபடி வரிசைப்படுத்தற வேலையே கிடையாது, எனக்கு அதுல இருக்கற நிம்மதி வேற எதுலயும் இல்ல.

கொல்லிமலைக்காரன் · வெள்ளி இரவு 9:37

முடிச்சுட்டேன் மக்களே!! நடந்தத அப்படியே சொல்றேன்.

வெர்ஷன் முருகேசு பயந்த மாதிரியே 0.5 சொச்சத்துல கிடந்தது, பேக்கேஜ் ஏத்திட்டு எக்ஸ்டென்ஷன் அப்டேட் கமாண்டும் போட்டேன் (இந்த ரெண்டாவது மறந்துட்டு அரை மணி நேரம் ஹாஃப்வெக்னு டைப்பே இல்லேன்னு எரர் பாத்துட்டு உக்காந்திருந்தேன்). ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஏதும் இருக்கான்னு பாத்தேன், இல்ல. டாக்கர் ஷேர்டு மெமரி ஏத்தினேன். கன்கரன்ட்லில இன்டெக்ஸ் கட்டினேன், சைஸ் எடுத்துப் பாத்தா 3.1 ஜிபி. அக்கா, கால்குலேட்டர் வச்சிருக்கீங்களா இல்ல மனசுலயே போடறீங்களா?

அப்புறம் சைட்ட தட்டுனா முன்ன விட மோசம், ஒரு தேடலுக்கு பல செகண்ட்! எக்ஸ்ப்ளெய்ன் (குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டற கமாண்ட்) போட்டா வரிசையா வாசிக்குது. அக்கா சொன்னதேதான். எஸ்க்யூஎல்ல கையால எழுதுன குவெரில காஸ்ட் போட்டிருந்தேன், பைதான் பக்கம் ஓஆர்எம் (கோட்ல இருந்து குவெரி எழுதித் தர்ற லைப்ரரி) தானா எழுதுற குவெரில காலம் பேர் மட்டும்தான் போச்சு. அத மாத்தினதும் பறக்குது. பழைய இன்டெக்ஸ அதுக்குள்ள ட்ராப் பண்ணிட்டோமேன்னு பதறினேன், இனி மொதல்ல எக்ஸ்ப்ளெய்ன் பாத்துட்டுதான் ட்ராப்.

யாழ்தேவி சொன்ன சோதனைய நம்ம தளத்துல ஆளுங்க நெஜமா தேடுன 60 கேள்விய வச்சு ட்ராப்புக்கு முன்னாடியே பண்ணேன். முழுத்தேடல்ல 32க்கும் 16க்கும் முதல் பத்து பெரும்பாலும் அதே பத்துதான், சிலதுல ஒன்பதாவதும் பத்தாவதும் இடம் மாறிச்சு, ரெண்டு மூணுல பத்தாவது ஆள் வெளிய போயி பதினொண்ணாவது உள்ள வந்துச்சு. ரெண்டையும் படிச்சுப் பாத்தேன், எது மேலன்னு எனக்கே சொல்லத் தெரியல. ஈஎஃப் சேர்ச் 40ல விட்டுப்போனதுதான் அதிகம், 100 ஆக்கினதும் சரியாச்சு. இத்தன நாளா தமிழுக்கு ரிசல்ட் சுமார்னு நான் புலம்பினதுல பாதி இந்த 40ஆலதான் போல.

டேபிள் இன்னும் 32 பிட்டாவே இருக்கு. இப்ப 12 ஜிபி காலி, அவசரம் இல்ல. அதையும் மாத்திடலாமா?

சந்தேகப்பிராணி · வெள்ளி இரவு 10:05

மாத்தாதீங்க. 32லருந்து 16 எப்ப வேணா எடுக்கலாம், 16லருந்து 32 திரும்பி வராது.

மெமரிலீக் முருகேசு · வெள்ளி இரவு 10:11

வந்து என்ன ஆகப்போகுது? அடுத்த வருஷம் நல்ல மாடல் வந்தா எல்லாத்தையும் தூக்கிட்டு புதுசா எம்பெடிங் எடுக்கத்தான் போறாரு. அதுவும் அவரோட 32 பிட் எஃப்பி16ல ஓட்டி எடுத்ததுன்னு அவரே சொல்லிட்டாரு.

பழைய டிபிஏ · வெள்ளி இரவு 10:30

சண்ட வேணாம். 32 பிட் வெக்டர ஃபைலா எடுத்து வேற எங்கயாவது போட்டு வை, 5 ஜிபி, பென்டிரைவ்ல கொள்ளும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சைட்ட மூடிட்டு காலத்தோட டைப்ப மாத்து. மாத்தறதுக்கு முன்னாடி இன்டெக்ஸ ட்ராப் பண்ணிட்டு, மாத்தினப்புறம் காஸ்ட் இல்லாம நேரா கட்டிக்கோ, அப்ப உன் ஓஆர்எம் தொல்லையும் போயிடும்.

கொல்லிமலைக்காரன் · வெள்ளி இரவு 10:48

பென்டிரைவ் தேடிட்டு இருக்கேன். ஒண்ணு கிடைச்சுது, 4 ஜிபி.